ஸ்டாஸ்கோவின் அட்டைகள்

வால்ட்டர் ஸ்டாஸ்கோவின் மேஜைமேல் பச்சை நிறத் தகர டப்பா ஒன்று இருந்தது. சமையல் குறிப்பு எழுதிய அட்டைகளைப் போட்டுவைக்க அவருடைய தாயார் வாங்கியது. தாயார் இறந்ததும் குறிப்புகளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, டப்பாவை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவந்துவிட்டார். மூடியின் உள்பக்கத்தில் வெண்ணெய்க் கறை கடைசிவரை போகவில்லை.

அவர் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் மேற்படிப்பு ஆலோசகர். இருபத்தேழு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். கடைசி வகுப்புப் பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம், எங்கே போட்டால் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று சொல்வது அவர் வேலை. நான் அடுத்த அறையில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். பதினான்கு வருடம் மதியச் சாப்பாட்டை அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிட்டேன்.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல மாட்டேன். நல்ல மனிதர் என்றுகூட யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் கவனமானவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். எங்கள் ஊரில் நிலக்கரி தீர்ந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அவருடைய தகப்பனார் சட்டைத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். வால்ட்டர் இருபது மைல் தள்ளியிருந்த ஆசிரியர் கல்லூரியில் படித்தார். "எங்க படிக்கிறேன்னு என்னை ஒருத்தரும் கேக்கல. பஸ் எங்க போச்சோ அங்க போனேன்" என்பார். சனிக்கிழமைகளில் கல்யாண வீடுகளில் போல்கா நடன வாத்தியக் குழுவோடு, டூபா என்ற பெரிய, தாழ்ந்த குரல் பித்தளைக் குழலை ஊதுவார். ஊதும்போது முகம் பீட்ரூட் போலச் சிவந்துவிடும். "இந்த வாத்தியத்துக்கு ஒரே வேலைதான். மத்தவங்க விழாம கீழ நின்னு தாங்கணும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை.

டப்பாவில் இருந்தவை பிள்ளைகளின் அட்டைகள். வடக்கே, மலைகளுக்கு அப்பால், ஒரு பல்கலைக்கழகம் உண்டு. நூறு பேர் கேட்டால் ஐந்தாறு பேரை எடுக்கும் இடம். எடுத்துவிட்டால், வீட்டில் பணம் இல்லாத பிள்ளைக்கு முழுச் செலவையும் அதுவே ஏற்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அங்கே' என்றால் எல்லாருக்கும் புரியும். அங்கே விண்ணப்பித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வால்ட்டரிடம் ஓர் அட்டை உண்டு. மதிப்பெண், பொதுத் தேர்வில் எடுத்த எண், வீட்டில் முன்னால் யாராவது கல்லூரி போயிருக்கிறார்களா, எந்த மாதம் விண்ணப்பித்தது, எல்லாம் மையில் எழுதியிருக்கும். தான் சொன்ன யோசனையை அடியில் பென்சிலில் எழுதுவார். முடிவு வந்ததும் மேல் மூலையில் ஒரு புள்ளி. கிடைத்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

மாதம் முக்கியம். அங்கே இரண்டு முறை விண்ணப்பம் வாங்குவார்கள். நவம்பரில் போடுகிறவன் வேறு எங்கும் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பெற்றவரும் ஆலோசகரும் கூடக் கையெழுத்துப் போடவேண்டும். கிடைத்தால் போயே ஆகவேண்டும். அதற்குப் பதிலாக, நவம்பரில் கொஞ்சம் தாராளமாக எடுப்பார்கள். ஜனவரியில் போடுகிறவனுக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆனால் கூட்டம் மிதமிஞ்சிப் போகும்.

அக்டோபர் மாதம் பிள்ளைகள் தாய் தகப்பனோடு ஒவ்வொருவராக வருவார்கள். வால்ட்டர் டப்பாவைத் திறந்து, எதிரே இருக்கும் பிள்ளைக்கு மிக நெருக்கமான ஐந்து அட்டைகளை எடுத்து மேஜைமேல் பரப்புவார். "இவங்கதான் உன் பங்காளிங்க" என்பார். அந்த ஐந்தையும் பார்த்து ஓர் எண் சொல்வார். பத்துக்கு மூன்று. பத்துக்கு ஒன்று. அந்த எண்ணைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே போனவர்களும் உண்டு, துள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டு. எங்கள் ஊரில் டாக்டர் சொல்வதைக்கூட இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்பார்கள். ஸ்டாஸ்கோ சொன்ன எண்ணை யாரும் மறுத்துக் கேட்டதில்லை.

மிலேனி பெரால்ட்டா வந்த அக்டோபரில், அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் என்ற முறையில் நானும் அந்த அறையில் இருந்தேன். அவள் தாய் அரெலிஸ் கிடங்கில் பெட்டி கட்டும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். மஞ்சள் மேலங்கியைக் கழற்றவில்லை. தொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து ஒன்பது வருடமாகியும் ஆங்கிலம் ஓடவில்லை. மகள்தான் இரண்டு பக்கமும் பேசவேண்டும்.

"உக்காருங்க. காபி ஆறிப்போச்சு. பரவாயில்ல, சூடா இருந்தப்பவும் அது நல்லா இல்ல" என்றார் வால்ட்டர்.

மிலேனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி மைதானத்துக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. மூடிய சுரங்கத்துக்குள்ளிருந்து வரும் தண்ணீர் அதில் கலக்கிறது. அந்த இடத்திலிருந்து கீழே கல், சேறு, செத்த மரவேர் எல்லாம் ஆரஞ்சு நிறம். மீன் கிடையாது. இங்கே பிறந்தவர்களுக்கு அது ஒரு விஷயமே அல்ல. எட்டாம் வகுப்பில் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த இந்தப் பெண்தான், 'ஏன்' என்று கேட்டாள். சனிக்கிழமைதோறும் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்து, புளிப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நான்கு வருடம் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. அங்கே, அந்தப் பல்கலைக்கழகத்தில், இந்த மாதிரித் தண்ணீரை மட்டுமே ஆராயும் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அவளுக்கு வேண்டியது அந்த ஆய்வுக்கூடம்தான்.

வால்ட்டர் ஐந்து அட்டைகளைப் பரப்பினார். மூன்று பச்சை, இரண்டு சிவப்பு.

"நவம்பர்ல போட்டா உனக்குப் பத்துக்கு நாலு. ஜனவரில ஒண்ணு, ரொம்ப மிஞ்சினா ஒண்ணரை" என்றார்.

"அப்போ நவம்பர்ல போடுறேன்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஹுதாக் பையன் ப்ரெண்டனும் நவம்பர்ல அங்கதான் போடுறான். அவன் தாத்தா அங்க படிச்சவர், அதுக்கு அங்க மதிப்பு உண்டு. அவனுக்குப் பத்துக்கு ஆறு."

"போடட்டும் சார். அவன் வேற, நான் வேற."

"பொண்ணே, கேளு. நவம்பர்ல நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தரைத்தான் எடுப்பாங்க. ரெண்டு பேரு போனா ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சு ஒரசிப் பாப்பாங்க. நவம்பர்ல உன்னை வேணாம்னுட்டா, அப்புறம் ஜனவரில நீ கதவைத் தட்டவே முடியாது. தட்ட ஒரே ஒரு தடவைதான், அதை வீணாக்காத. காத்திரு."

மிலேனி தாயிடம் திரும்பி ஸ்பானிஷில் சொன்னாள். அரெலிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வால்ட்டரைப் பார்த்தபடியே, விரலால் மேஜையைத் தட்டித் தட்டி, கொஞ்சம் நீளமாக ஏதோ சொன்னாள். மிலேனிக்குக் காது சிவந்தது.

"என்ன சொல்றாங்க அம்மா?"

"நன்றி சொல்றாங்க சார்."

"நன்றிக்கு இவ்வளவு நீளமா? எங்க வீட்டுல ஒரு தலையாட்டலோட முடிஞ்சிடும்" என்று சிரித்தார் வால்ட்டர். நானும் சிரித்தேன். அரெலிஸ் சிரிக்கவில்லை.

டிசம்பர் நடுவில் ப்ரெண்டனுக்குக் கிடைத்தது. நல்ல பையன்தான். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மிலேனி ஜனவரியில் போட்டாள். மார்ச் கடைசி வியாழக்கிழமை, மாலை ஏழு மணிக்கு முடிவு வந்தது. மறுநாள் காலை என் வகுப்பில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கணக்கை முடித்திருந்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின், "பத்துல ஒண்ணுன்னா ஒம்பது பேரும் இருக்கணும்ல சார். நான் அந்த ஒம்பதுல" என்றாள்.  

அந்த அட்டையில் வால்ட்டர் சிவப்புப் புள்ளி வைத்தார். மிலேனி, ஊரிலிருந்து பஸ் போகும் தூரத்திலிருக்கும் மாநிலக் கல்லூரிக் கிளையில் சேர்ந்தாள். அந்தக் கல்லூரியில் தண்ணீர் ஆராய்ச்சி கிடையாது. கணக்குப்பதிவியல் எடுத்தாள்.

அந்தச் செப்டம்பரில் மாவட்டக் கல்வி அலுவலகம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு கணினி நிரலை வாங்கிக் கொடுத்தது. பழைய முடிவுகளை அதில் ஏற்றினால், அதுவே வாய்ப்பைக் கணித்துச் சொல்லுமாம். வால்ட்டருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் செய்யச் சொன்னால் செய்கிறவர். பள்ளி விட்டபின் அவர் அட்டையைப் படிப்பார், நான் தட்டச்சு செய்வேன். நான்கு நாள் வேலை.

மூன்றாம் நாள், நிரல் ஒரு கட்டத்தில் நின்றது. 'ஒரே ஆண்டில், நவம்பரில், ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பம்' என்ற பத்தி காலியாக இருந்தது. நான் ஏதோ அட்டையை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"வால்ட்டர், ரெண்டு பேர் நவம்பர்ல போட்ட வருஷத்து அட்டையெல்லாம் தனியா இருக்கா?"

"இல்லையே. எல்லாம் இதுலதான்."

"எந்த வருஷம்னு சொல்லுங்க, தேடிப் பாக்கறேன்."

அவர் சொல்ல வாயெடுத்தார். டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, முதல் அட்டையிலிருந்து புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். வெளியே மைதானத்தில் பிள்ளைகள் கால்பந்துப் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் ஊதும் விசில் கேட்டது.

இருபத்தாறு வருடத்தில் நான்கு வருடம் யாரும் நவம்பரில் அங்கே போடவில்லை. மற்ற இருபத்திரண்டு வருடமும் ஒருவர். எல்லா வருடமும் ஒருவர்தான். இரண்டு பேர் போன வருடமே கிடையாது.

"ஒருத்தரைத்தான் எடுப்பாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"மிஸஸ் பிராண்ட். எனக்கு முன்னாடி இந்த நாற்காலில இருந்தவங்க. சாவியைக் கொடுக்கும்போது சொன்னாங்க. 'ரெண்டு பேரை அனுப்பாதே வால்ட்டர், முட்டிக்கும்.'"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அது சரியாத்தானே இருந்துச்சு. ஒரு வருஷம்கூட நவம்பர்ல ரெண்டு பேருக்குக் கிடைச்சதில்லையே."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. ஒருவரைத்தான் அனுப்பினார், அதனால் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அதையே சான்றாக எழுதிவைத்து, அடுத்த வருடமும் ஒருவரை அனுப்பினார். அட்டைகளில் இருந்தது பல்கலைக்கழகத்தின் வழக்கம் இல்லை. அவருடைய வழக்கம். ஜன்னல் வழியாக மட்டுமே தெருவைப் பார்த்தவன், தெருவின் அகலமே அவ்வளவுதான் என்று அளந்து வைத்திருந்தான். கணக்கு வாத்தியார் நான். பதினான்கு வருடம் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் ரொட்டி தின்றவன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எங்கள் பகுதி விண்ணப்பங்களைப் படிக்கும் பெண்மணி எடுத்தாள். நானும் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலிபெருக்கியில் போட்டார்.

"அப்படி எண்ணிக்கையெல்லாம் நாங்க வைக்கிறதில்லையே மிஸ்டர் ஸ்டாஸ்கோ. உங்க பள்ளிக்கூடத்துல இருந்து மூணு பேரு நல்லா இருந்தா மூணு பேரையும் எடுப்போம். உண்மையைச் சொல்லணும்னா, வருஷா வருஷம் நவம்பர்ல ஏன் ஒரே ஒருத்தர் வர்றாங்கன்னு எங்களுக்கே ஆச்சரியம். ஊருல ஆர்வம் இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டோம்."

"ஆர்வம் இருந்துச்சு" என்றார் வால்ட்டர். நன்றி சொல்லி வைத்துவிட்டார். மிலேனி பெயரை எடுக்கவில்லை. எடுத்தாலும் அவர்கள் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அடியில் பென்சிலில் 'காத்திரு' என்று எழுதிய அட்டைகளை மட்டும் பிரித்தெடுத்து ரப்பர் வளையம் போட்டார். முப்பத்தொன்று. அதில் பச்சை இரண்டு.

"எல்லாருக்கும் நவம்பர்ல கிடைச்சிருக்கும்னு இல்லையே" என்றேன்.

"இல்ல. ஆனா எத்தனை பேருக்குன்னு சொல்லு பாப்போம், வாத்தியாரே."



அந்த நவம்பரில் மூன்று பேர் அங்கே போட விரும்பினார்கள். மூன்று பேருக்கும் கையெழுத்துப் போட்டார். யாரையும் நிறுத்தவில்லை, யாருக்கும் எண்ணும் சொல்லவில்லை. டிசம்பர் பதினைந்தாம் தேதி முடிவு வந்தது. இரண்டு பேருக்குக் கிடைத்திருந்தது. நடைக்கூடத்தில் ஒரே கூச்சல். தலைமையாசிரியர் அவர் கையைக் குலுக்கி, "வால்ட்டர், வரலாறு படைச்சிட்டீங்க" என்றார். வால்ட்டர் அறைக்குள் வந்து இரண்டு அட்டையில் பச்சைப் புள்ளி வைத்தார். பேனாவை மூடாமலே மேஜைமேல் வைத்தார். அந்த இரண்டாவது புள்ளி அவருக்கு என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும், ஒருவேளை மிஸஸ் பிராண்ட் சொன்னது சரியாக இருந்திருக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பியிருப்பார். நானும் நம்பியிருந்தேன்.

"சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றியா? ஓடைக்குப் போகணும்" என்றார்.

"அவ இப்பவும் வர்றாளா?"

"வர்றா. ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்யாணத்துக்கு டூபாவை எடுத்துட்டுப் போகும்போது பாலத்துல இருந்து பாக்கறேன். இறங்கினதில்ல."

சனிக்கிழமை எங்கும் பனி. ஓடை மட்டும் உறையவில்லை. சுரங்கத்து வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் எந்தக் காலத்திலும் ஒரே வெதுவெதுப்புதான். வெள்ளைக்கு நடுவில் ஆரஞ்சு நிறமாக ஓடிக்கொண்டிருந்தது, மேலே ஆவி. மிலேனி முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு புட்டியை மூடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "யாரு செத்தது?" என்றாள். இரண்டு கிழவர்கள் கறுப்புக் கோட்டோடு பனியில் வழுக்கிக்கொண்டு வந்தால் வேறு என்ன நினைப்பாள்.

வால்ட்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முன்னுரை கிடையாது, சாக்கு கிடையாது. மிஸஸ் பிராண்ட், அட்டைகள், தொலைபேசி, இந்த வருடம் போன மூன்று பேர், கிடைத்த இரண்டு பேர். "நான் உன்னைத் தப்பா நிறுத்திட்டேன்" என்று முடித்தார்.

மிலேனி புட்டியைப் பைக்குள் வைத்தாள். நோட்டை எடுத்து நேரத்தை எழுதினாள். எழுதி முடித்தபின்தான் பேசினாள்.

"அன்னிக்கு அம்மா நன்றி சொல்லல சார்."

"என்ன சொன்னாங்க?"

"'ஒருத்தரைத்தான் எடுப்பாங்கன்னு இவருக்கு எப்படித் தெரியும்? எப்பவாவது ரெண்டு பேரை அனுப்பிப் பாத்தாரா? கேளுடி'ன்னாங்க. எனக்கு வெக்கமா போச்சு. அவ்வளவு படிச்ச மனுஷன், இத்தனை அட்டை வச்சிருக்காரு, பெட்டி கட்டுறவ போய்க் கேக்கறாளேன்னு. அதான் மாத்திச் சொன்னேன்."

வால்ட்டர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் ஒருத்திதான். அதுவும் அவர் காதுக்கு நன்றியாக வந்து சேர்ந்திருக்கிறது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "சிரிச்சிருப்பேன்னு நினைக்கிறேன்" என்றார்.

"சரி. இப்ப சொல்லுங்க. ப்ரெண்டனோட நானும் நவம்பர்ல போட்டிருந்தா, எனக்குப் பத்துக்கு எத்தனை?"

அவர் வாயிலிருந்து ஓர் எண் வரும் என்றுதான் நானும் நின்றிருந்தேன். இருபத்தாறு வருடம் அதைச் சொல்லியே வாழ்ந்தவர். மேல்கோட்டின் உள்பையில் கையை விட்டு அவளுடைய அட்டையை எடுத்தார். வேறு எதையும் கொண்டுவரவில்லை. அதைப் பார்த்தார்.

"தெரியலம்மா. அதுக்கு அட்டை இல்ல. உனக்கு முன்னாடி அப்படிப் போக நான் யாரையும் விடல. உனக்குப் பங்காளியே இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அட்டையைக் கண்ணால் காட்டினாள்.

"அது டப்பாவுல இருக்கா?"

"இருந்துச்சு. கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு."

"எடுத்துடுங்க. ரெண்டுலயும். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பாத்துட்டு, என்னை மாதிரி இருக்கிற இன்னொருத்தியை நிறுத்திடாதீங்க." பிறகு, போகிற போக்கில், "பஸ்ஸுக்கு நேரமாச்சு. அம்மாகிட்ட நீங்க வந்ததைச் சொல்றேன். இந்தத் தடவை மாத்தாம சொல்றேன்" என்றாள்.

மேடேறிப் போனாள். பனியில் அவள் காலடிகள் கொஞ்ச தூரம் வரைக்கும் ஆரஞ்சு நிறமாக இருந்தன, பிறகு வெள்ளையாகிவிட்டன.

 அன்று மாலை வால்ட்டர் ஒரு கல்யாணத்தில் வாசிக்க வேண்டியிருந்தது, வரவில்லை என்று சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை முப்பத்தொரு அட்டைகளையும் நிரலிலிருந்து நீக்கினோம். மற்ற முப்பது பேருக்கும் அவரே கைப்பட ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு, முகவரி மாறிவிட்டது என்று திரும்பி வந்தன. ஒருவன் மட்டும் பதில் போட்டான். தச்சு வேலை செய்கிறானாம், மூன்று பிள்ளைகளாம். 'அந்த இடத்தை நான் மறந்தே போயிருந்தேன், நீங்கள் எதற்காக ஞாபகப்படுத்தினீர்கள்' என்று கேட்டிருந்தான். வால்ட்டர் அந்தக் கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, "நியாயம்தான்" என்றார்.

ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். டப்பாவைத் துடைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார், தங்கையிடம் திருப்பிக் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

மிலேனியின் அட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது. அன்று வண்டியை விட்டு இறங்கும்போது அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். டப்பாவில் போட முடியாது, கிழிக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் என்னிடம் நீட்டினார். மதிப்பெண் தொண்ணூற்றாறு. 'ஓடை' என்று ஒரு சொல். மூலையில் சிவப்புப் புள்ளி. அடியில், பென்சிலில், அவருடைய அழகான கையெழுத்தில், காத்திரு.